தேவதாசன் அண்ணன் மூன்று நாள் ஜெபித்துச் சொன்னது

என் அண்ணன் தேவதாசனை எங்கள் சபைக்கு வெளியே பாளையங்கோட்டையில் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. பொதுப்பணித்துறையில் எழுத்தராகச் சேர்ந்து, கடைசி இரண்டு வருஷம் மட்டும் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து, ஓய்வு பெற்றவர். பாபநாசம் அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று பதிந்து மேலிடத்துக்கு அனுப்புவதுதான் பல வருஷம் அவர் வேலை. அரை அடி கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. யாரிடமும் கை நீட்டியதில்லை, தெரிந்து ஒரு பொய் சொன்னதில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவரை வேஷக்காரர் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. வேஷக்காரராக இருந்திருந்தால் என் பாடு சுலபமாக முடிந்திருக்கும். வெறுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

சபைக்குள்ளே அவர் நிலை வேறு. பிள்ளைக்கு வரன் வந்திருக்கிறது, வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா, இந்த வீட்டை விற்கலாமா என்று எந்தக் குழப்பம் வந்தாலும் ஐயரிடம் போவதற்கு முன் அண்ணனிடம் வருவார்கள். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஐயரே ஒருமுறை தன் மாற்றல் விஷயமாக அண்ணனிடம் வந்திருக்கிறார். வந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: ஜெபித்துச் சொல்லுங்கள்.

அண்ணன் மூன்று நாள் அவகாசம் கேட்பார். மூன்று நாளும் மத்தியானம் வரை தண்ணீர் தவிர வேறெதுவும் உள்ளே போகாது. அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டதும் உண்டு. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரும்புக் கட்டிலில் முழங்கையை ஊன்றி, முழங்காலில் நிற்பார். நாலாம் நாள் வந்து கேட்பவர்களுக்கு இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது என்பார். இல்லையென்றால், சமாதானம் இல்லை என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. காரணம் கேட்டால், ஆண்டவர் தனக்குக் காரணம் சொல்லவில்லை என்று விடுவார். நன்றிக்காக ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்தாலும் முகம் சுருங்கிப் போகும். அந்த வீட்டில் பிறகு காபிகூடக் குடிக்க மாட்டார்.

அவர் சொன்னது பல நேரம் சரியாகத்தான் அமைந்தது. அவர் வேண்டாம் என்ற ஒரு மாப்பிள்ளை, வேறொரு பெண்ணைக் கட்டி ஆறே மாதத்தில் அடித்து விரட்டினான். இதை இருபது வருஷமாகச் சபையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லி நின்றுபோன மற்றக் காரியங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசவும் முடியாது. நடக்காத கல்யாணம் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யார் போய்ப் பார்த்துவிட்டு வருவது? அந்த வசதி அவருக்கு எப்போதும் இருந்தது.

நான் அவர் தங்கை, பதினைந்து வயது இளையவள். எனக்குப் பத்து வயதாகும்போது அப்பாவும், இரண்டு வருஷத்தில் அம்மாவும் போய்விட்டார்கள். என்னை வளர்த்ததும் பி.எட். வரை படிக்கவைத்ததும் அண்ணன்தான். எனக்காகத்தான் முப்பத்தைந்து வயது வரை கல்யாணம் செய்யாமல் இருந்தார் என்பதைச் சொந்தக்காரர்கள் எனக்கு நினைவுபடுத்தத் தவறியதே இல்லை. அண்ணன் மனைவி எலிசபெத் மைனி வந்து நாலு வருஷம் கழித்து ஸ்வீட்லின் பிறந்தாள். பிள்ளைக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு காலை மைனி குளியலறையில் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போயிற்று.

எனக்கு அப்போதுதான் ஆழ்வார்குறிச்சியில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. காலையில் எழுந்து மைனியைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஸ்வீட்லினுக்குச் சோறு பிசைந்து வைத்துவிட்டு, செங்கோட்டை பாசஞ்சரைப் பிடிக்க ஓடுவேன். பகலில் அடுத்த தெரு அன்னத்தாய் வந்து இருப்பாள். சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கியதும் மறுபடி என் முறை. இதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. மைனி நல்லவர். புரட்டும்போது வலித்தாலும் முனக மாட்டார். இடது கையால் என் கன்னத்தைத் தடவுவார்.

அடுத்த வருஷம், 2003இல், எஸ்றா வந்தார். ராதாபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். தாயாருடன் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரியவர்கள் பேசி முடித்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க ஊர்ல தண்ணி உப்பா இருக்கும். ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவங்களுக்குச் செரமந்தான். பரவால்லையா?"

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எனக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எனக்கு எது சிரமம் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். பரவாயில்லை என்றேன். அன்று முழுவதும் அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் வழக்கம்போல மூன்று நாள் கேட்டார். நாலாம் நாள் காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது அடுக்களை வாசலில் வந்து நின்றார். சமாதானம் இல்லை என்றார். சரி அண்ணே என்றேன். துருவி முடித்துச் சட்னி அரைத்து ரயிலுக்குப் போனேன்.

ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அண்ணன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பேசியிருப்பேன். அழலாம், சாப்பிடாமல் படுத்துக்கொள்ளலாம், பெரியப்பாவைக் கூட்டி வந்து நியாயம் கேட்கலாம். ஆண்டவர் வேண்டாம் என்கிறார் என்று ஒருவர் வந்து நின்றால் யாரைக் கூட்டி வருவது? சேரன்மகாதேவி தாண்டி மலை தெரியும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, அண்ணனிடம் மூன்று நாள் பேசிய நீர் என்னிடம் ஒரு நிமிஷம் பேசக் கூடாதா என்று ஆண்டவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்றாவுக்கு அந்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. எனக்குப் பிறகும் இரண்டு வரன் வந்தது. இரண்டுக்கும் சமாதானம் இல்லை. அப்புறம் எனக்கு வயது ஏறியதும் தரகர்கள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

மைனி ஒன்பது வருஷம் படுக்கையில் இருந்து 2011இல் இறந்தார். உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. டாக்டர் அதைச் சொல்லி ஆச்சரியப்பட்டார். அதிலிருந்து சபையில் என்னை விசுவாச வாழ்க்கைக்கு ஒரு சாட்சியாக ஆக்கிவிட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிறு அன்று என்னைப் பிரசங்க பீடத்தில் ஏற்றி, போதுமென்ற மனதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இருபது நிமிஷம் பேசினேன். நன்றாகவே பேசினேன். முன்வரிசையில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வீட்டுக்கு வந்து இட்லிக் கொப்பரையைப் பின்வாசலில் வீசி எறிந்தேன். கொடுத்ததை வைத்து நிறைவாக இரு என்றால் சரி, முயன்று பார்க்கலாம். வந்ததைத் தடுத்துவிட்டு, இப்போது நிறைவாக இரு என்றால் அதை என்ன பேர் சொல்லி அழைப்பது? ஆனாலும் வெளியே என் முகத்தில் அந்தச் சாட்சி ஒட்டிக்கொண்டுவிட்டது. எனக்கே சில நாள் நம்பிக்கை வந்துவிடும், நான் நிறைவாகத்தான் இருக்கிறேன் என்று.

போன வருஷம் ஸ்வீட்லினுக்கு வரன் வந்தது. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது. ஜங்ஷனில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. அண்ணனுக்கு அதற்குள் சர்க்கரையால் இரண்டு கண்ணும் போய்விட்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும், அவ்வளவுதான். காலையில் வேதம் வாசித்துக் காட்டுவது, ஊசி போடுவது, ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்துச் சபைக் கோயிலுக்குக் கூட்டிப் போவது எல்லாம் ஸ்வீட்லின். பையன் பெயர் சுஜின். பூனாவில் வேலை. வந்து பார்த்துவிட்டுப் போன சாயங்காலம், ஸ்வீட்லின் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினாள். மைனி விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டு அடுக்களையில் யாரும் பாடியதில்லை.

அண்ணன் மூன்று நாள் ஜெபிக்கப் போவதாகச் சொன்னார். ஸ்வீட்லின் அண்ணனின் பிள்ளை, ஆனால் ஒன்றரை முழம் பிள்ளையிலிருந்து தூக்கிச் சுமந்தவள் நான். நான் சொன்ன மாதிரியே அவளும் அடுக்களையில் நின்று சரி அப்பா என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் நான் அவளை வளர்த்து வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் காலை அவள் வேலைக்குப் போனதும் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு போனேன். அண்ணன் ஜெபத்தில் இருக்கும்போது அந்தக் கதவை யாரும் திறந்ததில்லை.

"அண்ணே, எஸ்றா விஷயத்துல ஆண்டவர் ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பெயரை நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. முழங்காலில் நின்றவர் தடவித் தடவிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். நான் நகரவில்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றார். "மூணு நாளும் எலிசபெத்தை யாரு பொரட்டிப் போடுவா, புள்ளைய யாரு பாப்பான்னுதான் மனசுல ஓடுச்சு. நெஞ்ச அடைச்சுக்கிட்டு வந்துது. அந்த அடைப்புதான் ஆண்டவர் தார பதிலுன்னு நெனச்சேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன், ரீபா."

"அது ஆண்டவர் இல்லன்னு எப்பம் தெரிஞ்சுது?"

"எலிசபெத்தை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு. எஸ்றா நெனப்பு வந்துது. நெஞ்சு அடைக்கல."

அப்படியானால் பதினாலு வருஷமாக அவருக்குத் தெரியும். மைனி இறந்தபோது எனக்கு முப்பத்தைந்து. பதினாலு வருஷம் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, நான் போதுமென்ற மனதைப் பற்றிப் பேசியதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, தெரிந்தும் தெரியாதவராக இருந்திருக்கிறார். அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. கண் தெரியாத மனுஷரை அடிக்க வேண்டும் என்று நினைத்தேன், அதை மறைத்து என்ன பிரயோஜனம்? ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். பிறகு என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இப்பமும் அடைக்குது. ஸ்வீட்லின் போயிட்டா எனக்கு யாரு வாசிச்சுக் காட்டுவான்னு. நான் என்ன சொன்னாலும் அது நாந்தான் சொல்லுதேன். நீ ஜெபிச்சுச் சொல்லு, ரீபா."

நான் ஒத்துக்கொண்டேன். கோபத்தில் ஒத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை. கேட்பது எப்படி என்று இந்த மனுஷருக்குக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அவரைப் போலவே தண்ணீர் மட்டும் குடித்தேன்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. முழங்கால் வலித்தது, வேறெதுவும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் பூனா எவ்வளவு தூரம் என்ற நினைப்பு வந்தது. பையனின் குணம் யாருக்குத் தெரியும், பிள்ளை அழுதுகொண்டு திரும்பி வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் வந்தது. மூன்றாம் நாள் காலையில் தெளிவாகிவிட்டது. நெஞ்சில் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. கண்ணீர் வந்தது. எனக்குத் தெரிந்த வசனங்கள் ஒவ்வொன்றாக வந்து அந்தப் பாரத்துக்குத் துணை நின்றன. சமாதானம் இல்லை. இதுதான் ஆண்டவர் பேசுவது என்று எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அண்ணன் தவறாகக் கேட்டார், நான் சரியாகக் கேட்கிறேன் என்று அந்தக் கண்ணீரோடு ஒரு பெருமைகூட இருந்தது.

அப்போது வெளியே ஸ்வீட்லின் யாரோடோ போனில் பேசும் சத்தம் கேட்டது. சாதாரணமாகத்தான் பேசினாள். கல்யாணம் அமைந்தால், வெள்ளைச் சேலையில் ஜரிகை அகலமாக வேண்டாம், மெல்லிசாகப் போதும் என்று சொன்னாள். அதைக் கேட்டதும் என் நெஞ்சில் இருந்த பாரம் இறுகியது. பூனாவுக்கும் பையன் குணத்துக்கும் சேலைக்கும் என்ன சம்பந்தம்? முழங்காலில் இருந்தபடியே அதைப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தபோது அது என்னவென்று தெரிந்துவிட்டது. இவள் போய்விட்டால் நானும் கண் தெரியாத அண்ணனும் மட்டும் இந்த வீட்டில் கிடந்து சாக வேண்டும் என்ற பயம் அது. அதுகூடப் பரவாயில்லை. அதற்கும் அடியில் இருந்தது பொறாமை. நான் உடுத்தாத வெள்ளைச் சேலையை இவள் உடுத்தப் போகிறாள். நான் சோறு ஊட்டிய பிள்ளை மேல் எனக்குப் பொறாமை. அது அத்தனை வசனங்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆண்டவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தது.

அண்ணன் எப்படி ஏமாந்தார் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அவரைப் பார்த்து நான் யோக்கியமானவள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமைதான் போயிற்று.

எழுந்து வெளியே வந்தேன். ஸ்வீட்லின் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சேலை பேசிய சந்தோஷம் இன்னும் முகத்தில் இருந்தது. கைவிரல் நுனியால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சமாதானம் இருக்கு, மக்கா" என்றேன்.

அது பொய். என் நெஞ்சில் சமாதானம் மருந்துக்கும் இல்லை. ஆண்டவர் பெயரைச் சொல்லி நான் சொன்ன பொய் அது. அவர் அதற்கு என்னிடம் கணக்குக் கேட்கட்டும், அப்போது பேசிக்கொள்கிறேன்.

மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். சுஜினுக்கும் ஸ்வீட்லினுக்கும் நடக்கப்போகும் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவார். அந்த ஒரு நிமிஷம் மூன்று தடவையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் நல்லபடி முடிந்தது. ஜங்ஷனில் ரயில் ஏறும்போது ஸ்வீட்லின் என்னைக் கட்டிக்கொண்டு, அத்தை சொன்னதால்தான் தனக்குத் தைரியம் வந்தது என்றாள். நான் அவள் பையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர். காலையில் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ரயிலுக்கு நேரமாவதால் வேகமாக வாசிப்பேன். அண்ணன் நிதானமாக வாசி என்று ஒருநாளும் சொன்னதில்லை. இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். தனக்குக் கேட்கத் தெரியவில்லை, வேறு யாரையாவது பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார். என்ன தாழ்மை என்று மெச்சிக்கொண்டு போகிறார்கள். நான் ஆண்டவரை நம்புகிறேனா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டால், நம்புகிறேன் என்பேன். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு என் நெஞ்சில் வரும் எல்லாவற்றையும் இப்போது வாசலிலேயே நிறுத்தி வைத்துவிடுகிறேன். சில நாள் அவரையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிடுகிறேனோ என்று பயமாக இருக்கிறது. வீடு அப்படி ஒரு அமைதியாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்து வந்து அண்ணனுக்குச் சோறு போட்டேன். குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"உள்ளபடியே சொல்லு, ரீபா. ஸ்வீட்லின் விஷயத்துல ஒனக்கு சமாதானம் இருந்துதா?"

ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொன்று சொல்வது பெரிய வேலை இல்லை. ஆனால் சொல்லத் தோன்றவில்லை.

"இல்லண்ணே."

"பொறவு எப்படிச் சொன்ன?"

"புள்ள மொகத்துல இருந்துது. பாத்தேன். சொன்னேன்."

அண்ணன் கை நின்றது. நானும் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அன்னைக்கு ஒங்களுக்குக் கண்ணு நல்லாத்தான தெரிஞ்சுது. ஒரு தடவை என் மொகத்தப் பாத்திருக்கலாம்லா."

அண்ணனுக்குக் கண்ணீர் ஓடி மோவாயில் நின்றது. கையில் சோறு இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நானும் துடைத்துவிடவில்லை. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றார்.